முதல் பூச்சும் மறுபூச்சும்

1970ஆம் ஆண்டு பிளிமத் சூப்பர்பேர்ட் எதை எடுத்துப் பார்த்தாலும் கூரையில் கறுப்பு வினைல் ஒட்டியிருக்கும். வாங்கியவர் ஆசைப்பட்டுக் கேட்ட அலங்காரம் அல்ல அது. நாஸ்கார் பந்தயப் பாதையில் காற்று வழுக்கிக்கொண்டு போக வேண்டும் என்பதற்காக, ரோட் ரன்னரின் பின்கண்ணாடிப் பகுதியில் ஒரு தகட்டுத் துண்டை வைத்துப் பற்றவைத்துச் சாய்வை மாற்றினார்கள். அந்தப் பற்றுத் தழும்பை ஈயத்தால் நிரப்பி, ராவி, தேய்த்து மழமழவென்று ஆக்குவதற்குக் கைவேலை நிறையப் பிடிக்கும். மேலே வினைலை இழுத்து ஒட்டினால் தழும்பு மறைந்துவிடும். முந்தைய ஆண்டின் டாட்ஜ் சார்ஜர் டேட்டோனாவில் இதே இடத்தைத் தேய்த்துத்தான் முடித்தார்கள். அப்போது பந்தய விதி கேட்டது 500 வண்டி. 1970இல் இரண்டு டீலருக்கு ஒரு வண்டி என்று விதி மாறியது. எண்ணிக்கை 1,900ஐத் தாண்டியது. தேய்த்துக்கொண்டிருக்க நேரம் இல்லாமல் போயிற்று.

இந்த வினைல் குறையா, நிறையா? வாகனமாக வைத்துப் பார்த்தால் குறைதான். அடியில் ஈரம் தேங்கும், பின்கண்ணாடியைச் சுற்றித் துரு பிடிக்கும். ஆவணமாக வைத்துப் பார்த்தால் அதைவிட நேர்மையான சான்று அந்த வண்டியில் வேறில்லை. பந்தய விதியும் ஆலைக் கணக்கும் தொழிலாளியின் நேரமும் மோதிக்கொண்ட இடம் அது. ஒரே பொருள் ஒரு தராசில் தாழ்ந்தும் மற்றொரு தராசில் உயர்ந்தும் நிற்கிறது. மசில் கார்களை, அதிலும் முதல் பூச்சோடு பிழைத்திருக்கும் மசில் கார்களை மதிப்பிடுகிறவர் இந்த இரண்டு தராசுகளையும் ஒன்றாகக் கலந்துவிடக் கூடாது. கடந்த முப்பது நாற்பது ஆண்டுகளாக இத்துறையில் நடந்த வாதங்களில் பெரும்பாலானவை இந்தக் கலப்பினால் வந்தவை.

முதல் பூச்சோடு இருப்பவை ஏன் அரிது என்பதை நீட்டி விளக்க வேண்டியதில்லை. 1964 போன்டியாக் ஜிடிஓவில் தொடங்கிய இந்த வகை, நடுத்தர உடம்பில் பெரிய எஞ்சினைப் பொருத்தி, இளைஞர் எட்டிப் பிடிக்கும் விலையில் விற்கப்பட்டது. அவர்கள் அதைச் சிக்னலுக்குச் சிக்னல் விரட்டினார்கள், எஞ்சினை உடைத்தார்கள், அகல டயர் நுழைய மட்கார்டின் விளிம்பை வெட்டினார்கள். 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு அது வெறும் பழைய கார். மலிவாக ஒரு பெயின்ட் அடித்துத் தள்ளிவிட வேண்டிய சரக்கு. ரோல்ஸ் ராய்ஸைப் பொத்திவைத்ததைப் போல இதைப் பொத்திவைக்க யாருக்கும் தோன்றவில்லை. ஆகவே பிழைத்தவை பெரும்பாலும் தற்செயலாகப் பிழைத்தவை. ஆனால் அரிது என்பது மட்டுமே மதிப்பாகிவிடாது. அப்படிக் கொண்டால் திறனாய்வுக்கு இங்கே வேலையே இல்லை.

பூச்சிலிருந்து தொடங்கலாம். அக்காலத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் அக்ரிலிக் லேக்கர் அடித்தது. கிரைஸ்லரும் ஃபோர்டும் எனாமல் அடித்துச் சூளையில் வேகவைத்தன. லேக்கர், கரைப்பான் பறந்து உலரும் பூச்சு. சூடேற்றினால் மறுபடி இளகி மட்டமாகும்; பிறகு பாலிஷ் போட்டு மினுக்குவார்கள். அப்படித் தேய்க்கும்போது உடம்பின் கூரிய வரைகளில் பூச்சு மெலிந்து, சில இடங்களில் பிரைமரே எட்டிப் பார்க்கும். வயதானால் லேக்கர் வெடிக்கும். வற்றிய குளத்தின் சேறு போல நுண்ணிய கோடுகள் பானட் முழுக்க ஓடும். எனாமலின் குணம் வேறு. துப்பாக்கியிலிருந்து விழுந்த வாக்கிலேயே வெந்து இறுகுவதால் ஆரஞ்சுத் தோல் போன்ற சொரசொரப்பு மேற்பரப்பில் நிற்கும். முதுமையில் அது வெளிறும். விரலால் தடவினால் சுண்ணாம்புத் தூள் போல நிறம் ஒட்டும். ஒரு 1969 கமாரோவில் சூளை எனாமலின் சொரசொரப்பு சீராக இருந்தால், சொந்தக்காரர் எத்தனை கதை சொன்னாலும் அந்தப் பூச்சு ஆலையில் விழுந்தது அல்ல. ஒரு 1970 சாலஞ்சர் கண்ணாடி போல முகம் காட்டினால் அதையும் அப்படியே கொள்ளலாம்.

இன்றைய மீட்டமைப்பாளர் அடிப்பது பெரும்பாலும் இரண்டடுக்கு: நிறம் கீழே, கிளியர் கோட் மேலே. அதன் ஆழமும் ஈரப் பளபளப்பும் 1970இல் எந்த அசெம்பிளி லைனிலும் கிடையாது. கண்ணுக்கு அது அழகு, ஐயமில்லை. ஆனால் அது வேறொரு பாடம். ஏட்டுச் சுவடியில் எழுத்துத் தேய்ந்த இடத்தில், தன் புலமையால் மூலத்தைவிட இனிய சொல் ஒன்றைப் பெய்துவிடும் பதிப்பாசிரியர் செய்கிற வேலை அது. சொல் இனிக்கிறது, கவிஞன் போய்விட்டான்.

ஆலைக் குணங்கள் எனப்படும் சின்னச் சின்னப் பிசகுகளின் மதிப்பு இந்த இடத்தில்தான் தெரியும். டிக்கியின் தரையில் சிந்திய உடம்பு நிறத்தின் ஓவர்ஸ்ப்ரே, கதவிடுக்கில் வழிந்து நின்ற பெயின்ட்டுச் சொட்டு, ஃபயர்வாலில் பரிசோதகர் கிறுக்கிய மெழுகுக் குறி, சஸ்பென்ஷன் பாகத்தில் அடையாளத்துக்குத் தடவிய ஒரு துளி வண்ணம். ஒவ்வொன்றும் ஒரு கையின் சுவடு. கிரைஸ்லர் வண்டிகளில் பின்சீட்டைத் தூக்கினால் ஸ்பிரிங்குகளுக்கு இடையே சில சமயம் ஒரு தாள் சிக்கியிருக்கும். எந்த எஞ்சின், எந்த நிறம், எந்த ஆக்சில் என்று ஆலைக்குக் குறியீட்டில் கட்டளை சொல்லும் பிராட்காஸ்ட் ஷீட். லைனில் வேலை முடிந்ததும் அதைப் பத்திரப்படுத்த யாருக்கும் உத்தரவில்லை. கைக்கு எட்டிய பொந்தில் செருகிவிட்டுப் போனார்கள். பழுப்பேறி, ஸ்பிரிங் கம்பியின் துரு வளையம் வளையமாகப் பதிந்து, ஓரத்தை எலி கடித்து அந்தத் தாள் வெளிவரும்போது, அதில் இருக்கும் குறியீட்டுக்கு மட்டுமல்ல, அது கிடந்த இடத்துக்கும் சாட்சிய மதிப்பு உண்டு. துரு வளையமும் கம்பியும் பொருந்துகின்றனவா என்று பார்த்தாலே தாள் அந்த வண்டியுடையதா என்று பாதி தெரிந்துவிடும்.

ஆலைக்கு ஆலை வேறுபாடும் உண்டு. கமாரோ நார்வுட்டிலும் வேன் நைஸிலும் தயாரானது. நார்வுட் வண்டியின் அடையாளத் தகட்டில் 1968 டிசம்பர் முதல், வண்டியின் வசதித் தொகுப்பைச் சொல்லும் எக்ஸ் குறியீடுகள் வருகின்றன. வேன் நைஸ் தகட்டில் அவை இல்லை. ஆகவே எது சரியான கமாரோ என்ற கேள்வி பொருளற்றது. எந்த ஆலையின், எந்த வாரத்தின் கமாரோ என்று கேட்க வேண்டும். பாடபேதங்களை ஒப்பிட்டுப் பழகியவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. சுவடிக்குச் சுவடி பாடம் மாறும். எது எந்த மரபைச் சேர்ந்தது என்று வகுத்த பிறகுதான் எது பிழை என்று பேச முடியும்.

இவ்வளவையும் கற்றுக்கொண்டவர்கள் மீட்டமைப்பாளர்களே என்பதை ஒப்புக்கொண்டாக வேண்டும். 1980களில் வண்டியின் அடிவயிறு வரை மினுக்கிக் காட்டிய மோகம் தணிந்து, பழுதுபடாத வண்டிகளின் அடியில் படுத்து, ஓவர்ஸ்ப்ரே எந்தப் பக்கமிருந்து விழுந்தது, எந்த போல்ட்டுக்கு எந்தப் பூச்சு என்று அளந்து குறித்துக்கொண்டவர்கள் அவர்கள். அந்த உழைப்பு இல்லையென்றால் முதல் பூச்சின் மொழியை வாசிக்க நமக்குத் தெரிந்திருக்காது. இது மறுக்க முடியாத நிறை.

குறை அதன் அடுத்த அடியில் வந்தது. ஒரு வண்டியில் கண்ட கிறுக்கலை எல்லா வண்டியிலும் கிறுக்கத் தொடங்கினார்கள். தற்செயல் விதியாயிற்று. ஒரு தொழிலாளி ஒரு நாள் சாக்பீஸை அழுத்திப் போட்ட குறி, ஸ்டென்சில் வைத்துப் பிரதியெடுக்கும் அலங்காரமானது. விபத்தைத் திட்டமிட்டுச் செய்தால் அது விபத்தல்ல. சொட்டைச் சொட்டாகக் காட்டுவதற்காக மூன்று முறை ஒத்திகை பார்த்து விடப்பட்ட பெயின்ட்டுச் சொட்டு, பார்வைக்கு மூலத்தை ஒத்திருக்கலாம். காரணத்தில் மூலத்துக்கு நேர் எதிரானது. ஆலைச் சொட்டு அவசரத்தால் விழுந்தது. இது அளவுக்கு மீறிய அக்கறையால் விழுகிறது.

இன்னும் நுட்பமான சிக்கல் ஒன்று ஷெவர்லேயின் எஞ்சினில் இருக்கிறது. எஞ்சினுக்கு ஆரஞ்சு நிறம் அடிக்கும்போது அது பெரும்பாலும் கோத்து முடிந்த நிலையில் இருந்தது. மறைப்பு அரைகுறை. ஆகவே அலுமினிய இன்டேக் மானிஃபோல்டின் அடிப்பக்கம் ஆரஞ்சுத் தூசி படியும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டிலும் விளிம்பு வரை நிறம் ஏறும். எக்ஸாஸ்ட் மானிஃபோல்டில் ஏறியது முதல் சில மைல்களிலேயே எரிந்து போகும். இப்போது மீட்டமைப்பாளர் என்ன செய்வார்? நிறத்தை அடித்துவிட்டு எஞ்சினை ஓட்டாமல் நிறுத்திவைத்தால், ஆலை வாசலில் ஒரு கணம் மட்டுமே இருந்த காட்சியை நிரந்தரமாக்குகிறார். ஓட்டினால் அது போய்விடும். எந்த மீட்டமைப்பும் ஏதோ ஒரு கணத்தைத் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும்: லைனின் கடைசி அடி, டீலரின் ஷோரூம், முதல் வாரம். தேர்ந்த கணத்துக்கு உண்மையாக இருப்பதுதான் அதன் ஒழுங்கு. முதல் பூச்சு வண்டிக்கு இந்தத் தேர்வு கிடையாது. ஆலையும் ஷோரூமும் ஐம்பது கோடைகளும் ஒன்றன்மேல் ஒன்றாக அதில் படிந்திருக்கின்றன. அதன் வலிமையும் அதுவே, குழப்பமும் அதுவே.

நடுவர் முறைகள் இந்தச் சிக்கலை எப்படிக் கையாண்டன? 1974இல் தொடங்கிய கார்வெட் மீட்டமைப்பாளர் தேசியச் சங்கம், மூலத்தன்மைக்கும் நிலைமைக்கும் தனித்தனியே மதிப்பெண் போடுகிறது. துறையின் ஆகச் சிறந்த சிந்தனை என்று நான் கருதுவது இந்தப் பிரிப்பைத்தான். தேய்ந்த பூச்சு மூலமானதாக இருந்தால் ஒரு பத்தியில் முழு மதிப்பும் மறு பத்தியில் குறைந்த மதிப்பும் பெறும், தராசுகள் கலப்பதில்லை. ப்ளூமிங்டன் கோல்டு என்ற கார்வெட் கண்காட்சி 1990இல் கொண்டுவந்த சர்வைவர் விருது இன்னொரு அடி முன்னே போனது. பாதிக்கு மேல் மீட்டமைக்கப்படாமல் இருக்க வேண்டும், சாலையில் ஓட வேண்டும், அதே மாடலை மீட்டமைக்க முனைபவருக்கு முன்மாதிரியாகும் நிலையில் இருக்க வேண்டும் என்று கேட்டது. மூன்றாவது நிபந்தனைதான் கூர்மையானது. வயதுக்கோ அனுதாபத்துக்கோ அது பரிசு தரவில்லை, போதிக்கும் திறனுக்குத் தந்தது. அதன் குறை, பாதி என்ற எல்லை. எந்தப் பாதி என்பது எத்தனை சதவீதம் என்பதைவிட முக்கியம். அடிவயிறும் எஞ்சின் அறையும் மூலமாக இருந்து வெளியே மறுபூச்சு பெற்ற வண்டி, வெளியே மூலமாக இருந்து அடியில் கழுவிச் சுரண்டப்பட்ட வண்டியைவிடப் பன்மடங்கு கற்பிக்கும். பெபிள் பீச் கார்க் கண்காட்சி 2001 முதல், புதுக்காமல் காக்கப்பட்ட வண்டிகளுக்கெனப் பாதுகாப்புப் பிரிவு வைத்திருக்கிறது. அந்த அங்கீகாரம் வரவேற்கத்தக்கது, ஆயினும் மசில் கார் ஆய்வுக்கு அளவுகோல் அங்கிருந்து வரவில்லை.

கோட்பாட்டளவில் இருவரைச் சொல்ல வேண்டும். நரம்பியல் அறுவை மருத்துவரான ஃபிரெட் சிமியோன் ஃபிலடெல்ஃபியாவில் தம் பந்தயக் கார்த் தொகுப்பை அருங்காட்சியகமாக்கி, வாகனத்தையும் ஓவியம் போலவே காப்பாற்ற வேண்டும், புதுக்கக் கூடாது என்று வாதாடினார். மைல்ஸ் கோலியர், காரைத் தொல்லியல் பொருளாக வாசிக்கலாம் என்று 2021இல் ஒரு பெரிய நூலே எழுதினார். இருவரின் வாதமும் வலுவானது. ஆனால் பந்தய வரலாறு கொண்ட ஒற்றை வண்டிகளுக்கு அது பொருந்துகிற அளவுக்கு, ஆயிரக்கணக்கில் உருவான மசில் காருக்கு அப்படியே பொருந்தாது. லெ மான்ஸில் ஓடிய வண்டியின் ஒவ்வொரு கீறலும் ஒரு நிகழ்வு. நடுத்தர ஊர் ஒன்றின் வாகன நிறுத்தத்தில் விழுந்த கீறல் அப்படியல்ல. மசில் காரின் மதிப்பு தனி நிகழ்வில் இல்லை, உற்பத்தி முறையின் சாட்சியத்தில் இருக்கிறது. அதற்கேற்பத்தான் நாம் கீறல்களை எடைபோட வேண்டும்.

இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கும் வண்டி, 1968இல் வந்த ‘புல்லிட்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் ஓட்டிய ஹைலேண்ட் கிரீன் நிற மஸ்டாங் ஜிடி 390. ஒரே குடும்பம் 1974 முதல் வைத்திருந்து, 2018இல் டெட்ராய்ட் கண்காட்சியில் வெளிக்காட்டி, 2020 ஜனவரியில் ஃபுளோரிடா ஏலத்தில் கட்டணம் சேர்த்து 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விற்றது. மங்கிய பூச்சும் தேய்ந்த உட்புறமும் அப்படியே இருந்தன. இந்த விலையை முதல் பூச்சுக்குக் கிடைத்த வெற்றியாகப் பலர் கொண்டாடினார்கள். அது தவறான வாசிப்பு. படப்பிடிப்புக்காக அதன் உடம்பில் ஓட்டை போட்டிருக்கிறார்கள். ஆலை மூலத்தன்மை என்ற அளவுகோலில் அது தோற்ற வண்டி. ஏலம் விலை போட்டது படத்துக்கும் நடிகருக்கும். அதைப் புதுக்காமல் விட்டது முற்றிலும் சரி, ஏனெனில் அந்த ஓட்டைகளே அதன் வரலாறு. ஆனால் அதைக் காட்டி, தெருவில் நிற்கும் மங்கிய மஸ்டாங் ஒவ்வொன்றும் பொக்கிஷம் என்று வாதிடுவது முறையாகாது.

‘டே டூ’ என்று வழங்கும் வண்டிகளிலும் இதே எச்சரிக்கை வேண்டும். வாங்கிய மறுநாளே கிரேகர் நிறுவனச் சக்கரமும் ஹெடர் என்னும் எக்ஸாஸ்ட் குழாய்களும் பொருத்தி, பூச்சை மட்டும் தொடாமல் விட்டவை அவை. தூய்மைவாதிகள் இவற்றை ஒதுக்குகிறார்கள்; எனக்கு உடன்பாடில்லை. அந்தத் தலைமுறை இந்தக் கார்களை எப்படிப் பயன்படுத்தியது என்பதற்கு இதைவிட நேரான சான்று கிடைக்காது. மாற்றம் அக்காலத்தது என்று நிறுவ முடிய வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. ஆனால் ஆலை வண்டி என்ற பெயரில் அதை முன்வைத்தால் அது இடைச்செருகல்.

முதல் பூச்சு வண்டியின் சாட்சியத்துக்கும் எல்லை உண்டு, அதை அதன் காதலர்கள் சொல்வதில்லை. லைனிலேயே இடிபட்டு, ஆலைக்குள்ளேயே பட்டி பார்த்து மறுபடி அடிக்கப்பட்ட கதவுகள் உண்டு. பூச்சின் கனத்தை மைக்ரானில் காட்டும் மீட்டரை அங்கே வைத்தால் எண் எகிறும். வண்டி பொய் சொல்லவில்லை, மீட்டரை வாசிப்பவர் அவசரப்படுகிறார். ரயிலிலும் டிரெய்லரிலும் வரும்போது அடிபட்டு டீலர் கடையில் சரிசெய்யப்பட்டவையும் உண்டு. ஒரு வண்டி ஒரு சாட்சி மட்டுமே. ஒரே ஆலையில், அடுத்தடுத்த வாரங்களில் பிறந்த நான்கைந்து வண்டிகள் ஒரே சாட்சியம் சொன்னால்தான் அது வழக்கம் என்று எழுதலாம்.

ஆகவே முதல் பூச்சு வண்டியை எடைபோட நான் கேட்பது இயைபை. சீட்டின் தேய்மானமும், பிரேக் பெடல் ரப்பரின் தேய்மானமும், ஓடோமீட்டரின் எண்ணும், கதவுக் கீலின் தளர்ச்சியும், கூரையின் வெளிறலும் ஒரே கதையைச் சொல்கின்றனவா? வெயில் விழும் பக்கத்தில்தான் பூச்சு அதிகம் வெளிறியிருக்கிறதா? இயைபு இருந்தால் பூச்சில் ஓரங்குலம் உரிந்திருந்தாலும் அது முதல் தரம். இயைபு இல்லையென்றால் மற்றெல்லாம் பளிச்சென்று இருந்தும் பயனில்லை. டயர், பெல்ட், பிரேக் குழாய் முதலியவற்றை மாற்றியதைக் குறையாகக் கொள்ள மாட்டேன். தேயவும் மாற்றவும் என்றே செய்யப்பட்ட பாகங்கள் அவை, ஓடாத வண்டி பாதி சாட்சியத்தை விழுங்கிவிடுகிறது. துருவையும் நிறையாகக் கொள்ள மாட்டேன். துரு சான்றைத் தின்கிறது. அதைத் தடுக்காமல் வேடிக்கை பார்ப்பவர் பாதுகாவலர் அல்லர். பாலிஷ் போடுவதிலும் கை அடங்க வேண்டும். ரப்பிங் கலவை ஒவ்வொரு முறையும் மூலப் பூச்சில் கொஞ்சத்தைத் துணியோடு எடுத்துக்கொண்டு போகிறது.

இவ்விடத்தில் ஒன்றை மட்டும் எந்தச் சமன்பாடும் இல்லாமல் நிராகரிக்கிறேன்: புதுப் பெயின்ட் அடித்து, உப்புத்தாளால் தேய்த்து, துரு நிறம் தடவி, ஐம்பது ஆண்டு முதுமையை ஐந்து நாளில் வரவழைக்கும் போலிப் பழமை. மிகை மீட்டமைப்பு கூட, தான் புதிது என்பதை மறைப்பதில்லை. இது சாட்சியத்தையே போலியாகத் தயாரிக்கிறது. நாளை இதைப் பார்த்து அளவெடுக்கும் மாணவன் தவறான பாடத்தைக் கற்பான்.

மீட்டமைப்பை ஒரேயடியாகத் தள்ளவும் முடியாது. பிளம் கிரேசி ஊதாவும் சப்லைம் பச்சையும் 1970இல் தெருவில் இறங்கியபோது கண்ணை எப்படிக் கூசவைத்தன என்பதை வெளிறிய மூலம் காட்டாது. நல்ல மறுபூச்சுதான் காட்டும். துரு தின்று தகடே இல்லாமல் போன வண்டிக்கு வேறு வழியும் இல்லை. என் தீர்ப்பு இது: மறுபூச்சு வண்டி ஒரு விளக்கவுரை, நல்ல உரையாசிரியர் கையில் சிறந்த உரை. இயைபுள்ள முதல் பூச்சு வண்டியே மூலபாடம். உரை மூலத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்க்கலாம். மூலத்தை உரைக்கேற்பத் திருத்தக் கூடாது. முதல் பூச்சு பாதிக்கு மேல் நிற்கும் வண்டியைத் தோலுரித்துப் புதுக்குவதற்கு இனி எந்த நியாயமும் இல்லை.

சூப்பர்பேர்டின் கூரைக்குத் திரும்புவோம். பின்கண்ணாடி ஓரத்தில் வினைல் கொப்புளித்திருக்கிறது. அடியில் துரு வேலை செய்கிறது. ஏதாவது செய்தே ஆக வேண்டும் என்ற நிலை. வினைல் முழுவதையும் உரித்து, தழும்பைத் தேய்த்து மட்டமாக்கி, புது வினைல் ஒட்டினால் கூரை ஆலையில் இருந்ததைவிட நேர்த்தியாகிவிடும், சான்று அழிந்துவிடும். கொப்புளித்த ஓரத்தை மட்டும் வெந்நீராவியில் இளக்கித் தூக்க வேண்டும். அடியில் தெரியும் பற்றுத் தழும்பை, அதன் மேடுபள்ளங்களோடு, அளவுகோல் வைத்துப் படமெடுக்க வேண்டும். துருவை அந்த இடத்தில் மட்டும் நிறுத்தி, தகடு போன இடத்தில் மட்டும் தகடு வைத்து, அரத்தைத் தழும்பின்மேல் படவிடாமல், பழைய வினைலையே திரும்பப் படியவைக்க வேண்டும். ஓரம் முன்போல மட்டமாக உட்காராது. உட்கார வேண்டியதும் இல்லை.